நரி வைத்த சன்னல்

கருவேலங்காட்டின் நடுவில் நெட்டிக்குளம் என்று ஒரு குளம் இருந்தது. அந்த வருடக் கோடையில் அதன் தண்ணீர் இறங்கிக்கொண்டே போய், கடைசியில் எருமை படுத்தால் வயிறு மட்டும் நனைகிற சேறாகிவிட்டது. மீன்கொத்திகள் பறந்துபோய்விட்டன. தவளைகள் சத்தத்தை நிறுத்திவிட்டன.

யானைத் தலைவர் கருமலை கூட்டம் போட்டார். பாறைப் பொட்டலுக்கு அந்தப் பக்கம் வற்றாத ஏரி ஒன்று இருப்பதாகவும், எல்லோரும் அங்கே குடிபோவதுதான் வழி என்றும் சொன்னார். காலில் தெம்பு உள்ளவர்கள் மலைக் குறுக்குப் பாதையில் நடந்துவிடலாம். நடக்க முடியாதவர்களை என்ன செய்வது?

அந்தக் கேள்வி வந்ததும் எல்லோரும் குதிரைக் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கேதான் அப்படிப்பட்டவர்கள் அதிகம். இரண்டு பெண் குதிரைகள் நிறைமாதச் சினை. இன்னொருத்தி பூங்காலி. நான்கு குளம்புக்கு மேலும் வெள்ளைப் பூ வைத்ததுபோல நிறம், அதனால் அந்தப் பெயர். பாறை இடுக்கில் முன்னங்கால் சிக்கி எலும்பு பிசகி, மூன்று காலில்தான் நின்றுகொண்டிருந்தாள். பூங்காலியின் தங்கை செம்பி. செம்மண் நிறம், திடமான உடம்பு, சட்டென்று பொங்குகிற சுபாவம். அக்காவுக்குத் தழை கொண்டுவருவதும் ஈ ஓட்டுவதும் அவள்தான்.

காட்டோரத்தில் மனிதர்கள் எப்போதோ விட்டுவிட்டுப் போன வைக்கோல் வண்டி ஒன்று கிடந்தது. அதற்குப் பலகைச் சுவரும் கூரையும் வைத்துக் கூண்டு வண்டியாக்கிவிட்டால், எருமைகள் இழுக்கும், நடக்க முடியாதவர்கள் உள்ளே நின்றபடி வந்துவிடலாம் என்று முடிவானது.

"அந்தப் பொறுப்பை என்னிடம் விடுங்கள், தலைவரே" என்று முன்னால் வந்தது கூர்மூக்கன் என்ற நரி.

கூர்மூக்கனுக்குப் பேச்சு நன்றாக வரும். எந்த வேலையையும் நான் செய்கிறேன் என்று முதலில் சொல்கிறவன் அவன்தான். தலைவருக்கு அது பிடிக்கும். தச்சு வேலைக்குக் கரடியை வைத்துக்கொண்டான். மரத்தைப் பிளந்து பலகையாக்குவதில் கரடி கெட்டிக்காரன், ஆனால் எதிர்த்துப் பேசத் தெரியாதவன்.

சுவர் எழுந்தது. சன்னல் எங்கே வைப்பது என்று கரடி கேட்டான். கூர்மூக்கன் வண்டிக்குள் ஏறினான். உட்கார்ந்து பார்த்தான், நின்று பார்த்தான். மூக்குக்கு நேரே பலகையில் நகத்தால் கீறினான்.

"இங்கே வை. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று."

கரடி தலையைச் சொறிந்தான். தன் குகையில் மேலே ஒரு பிளவு உண்டு, உள்ளே சேருகிற புழுக்கம் அது வழியாகப் போய்விடும், அதேபோலக் கூரையிலும் ஒரு துளை விடலாமா என்று கேட்டான். கூர்மூக்கனுக்கு அது பிடிக்கவில்லை. கூரையில் ஓட்டை போட்டால் வெயில் இறங்கும், புழுதி கொட்டும், பார்க்கவும் நன்றாக இருக்காது என்றான். கரடி அதற்குமேல் பேசவில்லை. சொன்ன இடத்தில் வெட்டினான். மயில்கள் வந்து வெளிச்சுவரில் செம்மண்ணும் சுண்ணாம்பும் குழைத்துப் பூக்கோலம் போட்டன. சன்னல்களைச் சுற்றித் தாமரை வரைந்தன.

வண்டியைப் பார்க்கக் காடே திரண்டது. பூங்காலி வேப்பமர நிழலில் நின்றபடியே பார்த்தாள். செம்பி மட்டும் பின்பலகை வழியாக வண்டிக்குள் ஏறி நின்றாள். கூரை காதைத் தொட்டது. சன்னல் எங்கே என்று தேடினாள். குனிந்தபோதுதான் தெரிந்தது. முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது.

அவள் இறங்கி நேரே நரியிடம் வந்தாள்.

"கூர்மூக்கரே, குதிரைக்கு மூக்கு முழங்காலிலா இருக்கிறது?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். கூர்மூக்கனும் சிரித்தான். காற்று உள்ளே வந்தால் எல்லோருக்கும்தானே வரும், ஆள் பார்த்து வீசக் காற்றுக்குத் தெரியுமா என்று கேட்டான். பேச்சோடு நிற்காமல் வண்டிக்குள் தாவி ஏறி, சன்னலோரம் சாய்ந்து படுத்துக் காட்டினான். பொட்டல் பக்கமிருந்து வீசிய காற்றில் அவன் மீசை அசைந்தது. "ஆகா, எனக்குத் தூக்கமே வருகிறது" என்றான். சிரிப்பு இன்னும் கூடியது.

செம்பி விடவில்லை. குதிரை படுத்துக்கொண்டா வரும், நின்றுகொண்டுதானே வரும், தலை இருக்கிற உயரத்தில் திறப்பு வேண்டாமா என்று கேட்டாள். தலைவர் கருமலை வெளியே நின்றபடியே தும்பிக்கையைச் சன்னல் வழியாக உள்ளே நீட்டிப் பார்த்தார். எதிர்ச் சன்னலிலிருந்து வந்த காற்று தும்பிக்கை நுனியில் பட்டது.

"நன்றாகத்தானே வருகிறது" என்றார். "எல்லாவற்றிலும் குறை கண்டுபிடிக்காதே, செம்பி."

செம்பி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நிழலில் நின்ற பூங்காலி கூப்பிட்டுவிட்டாள். நீ இப்படிச் சண்டை பிடித்தால் வண்டியே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், இந்தக் காலை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன், ஒரு பொழுதுதானே, பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடுகிறேன் என்று கெஞ்சினாள். அக்கா கெஞ்சியதால்தான் செம்பி அடங்கினாள்.

முதல் நடைக்குப் பூங்காலியையும், கால் விளங்காத கிழ வெள்ளாடு ஒன்றையும் ஏற்றினார்கள். அந்த ஆட்டுக்குத் தாடி தரையைத் தொடும், எல்லோரும் தாடியார் என்று கூப்பிடுவார்கள். பூங்காலி தலையை ஆட்டினால் வண்டி ஒருபக்கமாகச் சாயும் என்று சொல்லி, கூர்மூக்கன் அவள் கழுத்துக் கயிற்றை மேல் வளையத்தில் இறுக்கிக் குட்டையாகக் கட்டச் சொன்னான். செம்பி வண்டியோடு நடந்து வருகிறேன் என்றாள். அதற்கும் இடம் கிடைக்கவில்லை. நடக்கிறவர்களுக்குக் குறுக்குப் பாதை, வண்டிக்குப் பொட்டல் பாதை, ஒழுங்கு என்றால் ஒழுங்கு என்று கூர்மூக்கன் சொல்லிவிட்டான். வண்டியோடு அவன் மட்டும், எருமைகளுக்கு முன்னால், காதை விறைத்துக்கொண்டு நடந்தான்.

நடந்து போனவர்கள் உச்சிவேளைக்கு முன்பே ஏரிக்கரை சேர்ந்துவிட்டார்கள். ஏரி கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடந்தது. எல்லோரும் இறங்கிக் குடித்தார்கள், குளித்தார்கள். செம்பி ஒரு வாய் குடித்துவிட்டுக் கரையேறிப் பொட்டலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அக்காவுக்குப் பிடித்த கோரைப்புல்லை ஒரு கட்டுப் பிடுங்கிப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

வண்டி வந்து சேர வெயில் சாயத் தொடங்கிவிட்டது. மயில்கள் அகவி வரவேற்றன. கரடி தாழ்ப்பாளை நீக்கிப் பின்பலகையை இறக்கினான். முதலில் தாடியார் நொண்டிக்கொண்டு இறங்கினார். நேரே தண்ணீரைப் பார்த்துப் போனார், யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பூங்காலி இறங்கவில்லை.

செம்பி பலகையில் கால் வைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். சூடான காற்று மூத்திர நாற்றத்தோடு அவள் முகத்தில் அடித்தது. கண் எரிந்தது. அக்காவின் கால்கள் மடிந்திருந்தன. தலை மட்டும் மேலே, கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் வியர்வை காய்ந்து உப்பாகப் படிந்திருந்தது. சன்னல் வழியாகக் காற்று வந்து அவள் மடிந்த முழங்காலின் ரோமத்தை அசைத்துக்கொண்டிருந்தது.

கரடிதான் கயிற்றை அறுத்தான். அவளைக் கீழே இறக்கிவைத்தான்.

கூர்மூக்கன் வருத்தம் தெரிவித்தான். நன்றாகவே தெரிவித்தான். பூங்காலியின் பொறுமையைப் பற்றியும், குடிபெயர்வின் முதல் தியாகி அவள் என்றும் பேசினான். ஏற்கெனவே நோய்ப்பட்ட உடம்பு, வலி தாங்கவில்லை, யார் என்ன செய்ய முடியும் என்று முடித்தான். அதற்குள் எருமைகளைப் பார்த்து, வண்டியைக் கழுவி நிறுத்துங்கள், நாளைக்குச் சினைக் குதிரைகளைக் கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னான்.

செம்பி அழவில்லை. வண்டிக்குப் பக்கவாட்டில் போய் நின்று, இரண்டு பின்னங்காலையும் தூக்கி ஓர் உதை விட்டாள். தாமரை வரைந்த பலகை ஒன்று பிளந்தது. மயில்கள் அலறின. தலைவர் கருமலை கோபமாக வந்தார்.

"உன் துக்கம் எனக்குப் புரிகிறது. அதற்காகப் பொது வண்டியை உடைப்பாயா?"

"பலகை உடைந்ததற்கு இவ்வளவு வேகமாக வருகிறீர்களே, தலைவரே" என்றாள் செம்பி. "என் அக்கா மூச்சு முட்டிச் செத்திருக்கிறாள். அதற்கு யாரும் நடையைக்கூட எட்டிப் போடவில்லையே."

கூர்மூக்கன் குறுக்கே வந்தான். மூச்சு முட்டியது என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்டான். அதே வண்டியில் அதே நேரத்தில் ஒரு கிழட்டு ஆடு வந்திருக்கிறது, அதற்கு என்ன ஆயிற்று, தண்ணீர் குடித்துவிட்டுத் தழை மேய்ந்துகொண்டிருக்கிறது பாருங்கள் என்று கையைக் காட்டினான். கூட்டம் தலையாட்டியது. பார்க்கப்போனால் அது நியாயம்போலத்தான் இருந்தது.

செம்பி தாடியாரிடம் போனாள். வண்டிக்குள் என்ன நடந்தது என்று கேட்டாள். தாடியார் வாயிலிருந்த தழையை மென்றுகொண்டே இருந்தார். எனக்குக் காற்று நன்றாக வந்தது, நான் பொய் சொல்லக் கூடாது என்றார். செம்பி அங்கேயே நின்றாள். கிழவருக்குத் தழை இறங்கவில்லை. துப்பிவிட்டார்.

"வண்டி ஓடுகிறவரைக்கும் பரவாயில்லை, தாயே. பொட்டலில் அச்சு சூடாகிவிட்டது என்று எருமைகள் நிறுத்தின. நின்றதும் உள்ளே அடுப்பாகிவிட்டது. நான் மூக்கைச் சன்னலில் வைத்துக்கொண்டேன். என் உயரத்துக்கு அது எட்டியது. உன் அக்கா தலையைக் கீழே கொண்டுவரப் பார்த்தாள். கயிறு விடவில்லை. திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தாள்."

"நீங்கள் கத்தவில்லையா?"

"கத்தினேன். கூர்மூக்கர் வந்தார். சன்னலில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, காற்று நன்றாகத்தானே வருகிறது என்றார். எனக்கும் வந்துகொண்டிருந்தது." தாடியார் தலையைக் குனிந்துகொண்டார். "அதனால் நானும் ஆமாம் என்றுவிட்டேன்."

 செம்பிக்கு அந்த ஆட்டின் மேலும் கோபம் வந்தது. ஆனால் அவர் சொல்லிவிட்டார். சொல்லாதவர்கள் இன்னும் எத்தனையோ பேர் சுற்றி நின்றார்கள்.

கூர்மூக்கன் மட்டும் தளரவில்லை. அப்படியென்றால் தப்பு கயிற்றில்தான், சன்னலில் இல்லை, கயிற்றை நீளமாக விட்டால் தீர்ந்தது என்றான். செம்பி அவனைப் பார்த்துக் கேட்டாள். நிறைமாதச் சினைக் குதிரை பொழுதெல்லாம் தலையை முழங்காலுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, ஆடுகிற வண்டியில் நிற்குமா? இருவர் நெருக்கி நின்றால் அந்தத் தலை கீழே இறங்க இடம் ஏது? அவன் ஏதேதோ சொன்னான். தலைவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"பேச்சு வேண்டாம்" என்றாள் செம்பி. "நாளை உச்சி வெயிலில் வண்டியை வெட்டவெளியில் நிறுத்துங்கள். அக்காவைக் கட்டியதுபோல என்னைக் கட்டுங்கள். கூர்மூக்கர் என் முதுகில் ஏறி உட்காரட்டும், என் மூக்கு எங்கே இருக்கிறதோ அங்கே அவர் மூக்கும் இருக்கட்டும். கதவைச் சாத்துங்கள். பொட்டலில் நின்ற நேரம் எருமைகளுக்குத் தெரியும். அவ்வளவு நேரம் அவர் அங்கே இருந்துவிட்டால், நானே போய்ச் சினைக் குதிரைகளை ஏற்றி அழைத்துவருகிறேன்."

கூர்மூக்கனுக்கு அன்று முதுகுவலி இருந்தது. வண்டிக் கணக்குப் பார்க்கிற வேலையும் இருந்தது. தலைவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஏறு என்று ஒரே சொல்லாகச் சொன்னார். உதைபட்ட பலகையைக் கரடி திரும்ப அடித்துச் சேர்த்தான். ஓட்டை இல்லாமல் அடிக்கச் சொன்னதும் செம்பிதான்.

மறுநாள் உச்சிவேளையில் அவளை உள்ளே ஏற்றிக் கட்டினார்கள். கயிறு கழுத்தை மேலே இழுத்துப் பிடித்தது. முதுகில் நரியின் நகங்கள் பதிந்தன. பின்பலகை மூடியது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கூரைப் பலகை சூடேறியது. அந்தச் சூடு கீழே இறங்காமல் அவள் காதைச் சுற்றியே நின்றது. அவள் விட்ட மூச்சு எங்கும் போகவில்லை, திரும்ப அவள் மூக்குக்குள்ளேயே வந்தது. முந்தைய நாள் நாற்றம் கழுவியும் போகாமல் கிளம்பிக் கண்ணைக் கரித்தது. கீழே முழங்காலில் குளுகுளுவென்று காற்று பட்டுக்கொண்டிருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அக்காவுக்கும் கடைசிவரை இது இப்படித்தான் பட்டுக்கொண்டிருந்திருக்கும் என்று நினைத்தாள். தன்னை அறியாமல் தலையைக் கீழே இழுத்தாள். கயிறு விடவில்லை.

முதுகில் இருந்தவன் இரைக்கத் தொடங்கினான். போதுமா என்று அவள் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் நகங்கள் வழுக்கின. தொப்பென்று கீழே குதித்துச் சன்னலுக்கு ஓடினான்.

வெளியே காடு முழுக்க நின்று பார்த்துக்கொண்டிருந்தது. தாமரைக் கோலத்தின் நடுவில் கூர்மூக்கனின் மூக்கு வெளியே வந்தது. நாக்குத் தொங்க அது காற்றை அள்ளி அள்ளிக் குடித்தது.

"ஏன் இறங்கினாய்?" என்று கேட்டார் தலைவர்.

"மேலே இருக்க முடியவில்லை" என்றான் கூர்மூக்கன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

தலைவர் தானே பின்பலகையை இழுத்துத் திறந்தார். அன்று வெளியே நின்று நீட்டிய தும்பிக்கையை இன்று உள்ளே விட்டுக் கூரைக்குக் கீழே கொண்டுபோனார். சட்டென்று இழுத்துக்கொண்டார். செம்பியின் கயிற்றை அவரே அவிழ்த்தார். அவள் தள்ளாடி இறங்கித் தண்ணீருக்குள் போய் நின்றாள். 

சன்னல் வேலை அன்றே தொடங்கியது. இந்தத் தடவை கரடி, வண்டிக்குள் குதிரைகளை ஏற்றி நிறுத்தி, ஒவ்வொன்றின் மூக்கும் எங்கே வருகிறது என்று கரியால் கோடு போட்டுக்கொண்டான். அந்த உயரத்தில் இரண்டு பக்கமும் நீளச் சன்னல் வெட்டினான், ஒரு பக்கம் நுழைந்த காற்று மறுபக்கம் போகட்டும் என்று. திறந்த சன்னலில் ஓர் இளங்குதிரை தலையை நீட்டிப் பார்த்தது. போகிற வழியில் முள்மரம் கண்ணில் அடிக்குமே என்று செம்பி கவலைப்பட்டாள். அதனால் கம்பு வைத்தான். முகத்தில் புழுதி அடிக்காமல் இருக்க முன்பக்கமாகக் கீல் வைத்துப் பின்பக்கமாகத் திறக்கிற கதவு போட்டான். கூரையில் இரண்டு திறப்பு விட்டு, வெயிலும் இறங்காமல் சூடும் போகும்படி மேலே சாய்வாக மூடி வைத்தான். கயிற்றை நீளமாக, ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சாகக் கட்டினார்கள். கீழே இருந்த பழைய சன்னல்களையும் அடைத்துவிடலாமா என்று கரடி கேட்டான். அடைக்க வேண்டாம், ஆடுகளுக்கு அதுதான் எட்டும் என்று செம்பி சொன்னாள். அதைச் சொல்வதற்கு அவளுக்குக் கசப்பாகத்தான் இருந்தது.

வண்டிப் பொறுப்பைக் கூர்மூக்கனிடமிருந்து தலைவர் எடுத்துவிட்டார். அவன் செம்பியிடம் வந்து மன்னிப்புக் கேட்டான். தெரியாமல் நடந்துவிட்டது என்றான்.

"தெரியாமல் என்று சொல்லாதீர்" என்றாள் அவள். "நான் வந்து சொன்னேன். நீர் படுத்துக் காட்டினீர்."

அதற்குமேல் அவனிடம் அவள் பேசவில்லை. மன்னிக்கவும் இல்லை.

அடுத்த நடையில் சினைக் குதிரைகள் இரண்டும் வந்து சேர்ந்தன. வழியில் வண்டி நின்றதாம், புழுங்கவே இல்லையாம், வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்களாம். கரையில் ஒரே ஆரவாரம். தலைவர் உள்ளம் நெகிழ்ந்து, இனி இந்த வண்டிக்குப் பூங்காலி வண்டி என்று பெயர் வைப்போம், மயில்கள் சன்னலுக்கு மேலே அவள் உருவத்தை வரையட்டும் என்றார். எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள்.

செம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"வேண்டாம், தலைவரே. அவள் பெயர் கேட்கவில்லை. காற்றுதான் கேட்டாள். அவளுக்குக் கிடைக்கவில்லை."

அவள் திரும்பி ஏரிக்கரையோரமாகத் தனியாக நடந்து போனாள். மயில்கள் குழைத்து வைத்த சுண்ணாம்பு அப்படியே காய்ந்துபோயிற்று.

அடுத்தவர் மூச்சு விடுவதற்கு வழி வைக்கிறவர், தன் மூக்கை அளவாக வைத்துக்கொள்ளாமல், உள்ளே நிற்கப் போகிறவரைக் கேட்டு, அவர் நிற்கும் இடத்தில் தானும் நின்று பார்த்த பிறகே அதை வைக்க வேண்டும்.